ஐந்தாவது விசையும் அனாமத்துக் கணக்கும்

பதினோராம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு அந்த வயிற்றைக் கலக்கும் நிமிஷம் மறந்திருக்காது. இருப்பாய்வு போட்டு முடித்து, பற்றை ஒரு பக்கமும் வரவை ஒரு பக்கமும் கூட்டிப் பார்த்தால் 450 ரூபாய் உதைக்கும். மறுபடி கூட்டினாலும் அதே 450. மணி அடிக்கப் பத்து நிமிஷம்தான் பாக்கி. அப்புறம் என்ன, 'அனாமத்துக் கணக்கு' என்று ஒரு தலைப்பைப் போட்டு 450-ஐ அதில் தள்ளிவிட்டுக் கீழே இரட்டைக் கோடு. பிழை எங்கே என்று தெரியாது. ஆனால் இரண்டு பக்கமும் சமம்!

பிரபஞ்சத்தின் பேரேட்டையும் இயற்பியல்காரர்கள் கிட்டத்தட்ட இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். என்ன, அனாமத்தில் கிடப்பது 450 ரூபாய் இல்லை. மொத்தத்தில் சுமார் 95 சதவீதம்.

விளையாட்டில்லை. நட்சத்திர மண்டலங்கள் சுழலும் வேகத்தைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரிகிற பொருளின் ஈர்ப்பு மட்டும் அவற்றைக் கட்டிவைக்கப் போதாது. உதைக்கிற அந்தப் பாக்கிக்கு 'இருண்ட பொருள்' என்று பெயர். 1998-ல் இரண்டு குழுக்கள், மிகத் தொலைவில் வெடித்த நட்சத்திரங்களை அளந்து பார்த்து, பிரபஞ்சம் விரிகிற வேகம் குறையவில்லை, கூடிக்கொண்டே போகிறது என்று கண்டுபிடித்தன. அந்தப் பாக்கிக்கு 'இருண்ட ஆற்றல்'. இரண்டும் ஏதோ சரக்கின் பெயர் மாதிரி தெரிந்தாலும், உண்மையில் இவை கணக்குத் தலைப்புகள்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அனாமத்தைத் தீர்க்க வேண்டுமென்றால் விட்டுப்போன பதிவைத் தேட வேண்டும், இல்லையா? அப்படித் தேடுகிறவர்களில் ஒரு சின்னக் கூட்டம் தொலைநோக்கியைத் தொடுவதே இல்லை. வானத்தையும் பார்ப்பதில்லை. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் நியூட்ரானை விழ வைத்து, அது எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பதிவு அவர்களைப் பற்றியது.

முதலில் கொஞ்சம் பாடம். (கொட்டாவி விட வேண்டாம், சீக்கிரம் முடிந்துவிடும்.)

இன்றுவரை தெரிந்த அடிப்படை விசைகள் நான்கு. மாங்காயைக் கீழே விழ வைப்பது ஈர்ப்பு விசை. கரண்ட், காந்தம், ஒளி, உங்கள் கை மேஜைக்குள் புகுந்துவிடாமல் இருப்பது எல்லாம் மின்காந்த விசை. அணுக்கருவுக்குள் புரோட்டான், நியூட்ரான்களை ஒட்டிவைப்பது வலிய விசை. சில அணுக்கருக்கள் தானாகச் சிதைவதற்குக் காரணம் மெலிய விசை. அவ்வளவுதான். உலகில் நடக்கும் எந்தத் தள்ளுமுள்ளுக்கும் இந்த நால்வரில் ஒருவர்தான் பொறுப்பு.

ஐந்தாவது ஆள் இருந்தால் இத்தனை நாள் எப்படி மாட்டாமல் இருக்க முடியும்? இரண்டு வழி உண்டு. ஒன்று, ரொம்ப நோஞ்சானாக இருக்க வேண்டும். இரண்டு, அதன் கை எட்டும் தூரம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். கோள்களின் சுற்றுப்பாதையை வைத்து ஈர்ப்பு விசையை அங்குலம் அங்குலமாகச் சோதித்துவிட்டார்கள், அங்கே ஒளிய இடமில்லை. ஆனால் ஒரு தலைமுடியின் தடிமனுக்கும் குறைவான தூரத்தில் ஈர்ப்பு எப்படி நடந்துகொள்கிறது? அமெரிக்காவில் சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக் குழு, முறுக்குத் தராசு என்ற கருவியால் 52 மைக்ரான் வரை சோதித்து, நியூட்டன் சொன்னபடியே இருக்கிறது என்று 2020-ல் அறிவித்தது. (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்.) 52-க்குக் கீழே போகப் போக இருட்டுதான்.

ஏன் இன்னும் கிட்டே போக முடியவில்லை? நடுவில் மின்காந்த விசை என்கிற ரவுடி நிற்கிறது. இரண்டு புரோட்டான்களுக்கு நடுவே மின்விலக்கு எவ்வளவு, ஈர்ப்பு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் 1 போட்டுப் பக்கத்தில் 36 சுழி வரும். சரி, மொத்தத்தில் மின்சுமையே இல்லாத அணுவை வைத்துப் பார்க்கலாமே என்றால், அணுவுக்குள் எலக்ட்ரான் மேகம் இருக்கிறது. ஒரு சுவரின் கிட்டே போனதும் அந்த மேகம் லேசாக ஒரு பக்கம் சாயும். சாய்ந்த உடனே சுவருக்கும் அணுவுக்கும் ஓர் ஒட்டுதல் வந்துவிடும். ரசாயனப் பாடத்தில் வரும் வான் டெர் வால்ஸ் விசை, 1948-ல் காசிமிர் கணித்துச் சொன்ன விசை எல்லாம் இந்தக் குடும்பம்தான். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் நடக்கும்போது பக்கத்து வீட்டுக் கொசுவின் ரீங்காரத்தைக் கேட்கிற கதை.

இங்கேதான் நம்ம ஹீரோ வருகிறார்.

நியூட்ரானை 1932-ல் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக் கண்டுபிடித்தார். மின்சுமை பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைக்கூடச் சும்மா விடவில்லை. கிரனோப்லில் செய்த ஒரு சோதனையின் முடிவை 1988-ல் வெளியிட்டார்கள். எலக்ட்ரானின் மின்சுமையில் கோடி கோடி கோடியில் ஒரு பங்கு அளவுக்குக்கூட நியூட்ரானில் மின்சுமை தெரியவில்லை. அதோடு நியூட்ரானுக்குள் சாய்கிற மேகமும் கிடையாது. மின்புலத்தில் வைத்தால் அது வளைந்து கொடுக்கும் அளவு, சாதாரண அணு வளைவதைவிட ஏறக்குறைய 18 சுழி குறைவு. கண்ணாடிக்கு ஒரு சில மைக்ரான் மேலே நியூட்ரானை நிறுத்தினால், நாதஸ்வரக் கோஷ்டி அதன் காதில் விழவே விழாது. (காந்தத்துக்கு மட்டும் கொஞ்சம் மசியும். அதனால் கருவியைச் சுற்றிக் காந்தக் கவசம் போட்டுவிடுகிறார்கள்.) மீதி இருப்பது பூமியின் ஈர்ப்பு. வேறு ஏதாவது இருந்தால் அதுவும்.

யாரோடும் ஒட்டாத ஆசாமிதான் சாட்சி சொல்ல ஏற்றவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நியூட்ரான் கதைக்கு முன்னால் ஒரு பழைய சூட்டுத் தழும்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தத் துறையில் யாரும் 'கண்டுபிடித்துவிட்டோம்' என்று சட்டென்று வாய் திறக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஹங்கேரியில் எட்வேஷ் என்று ஒரு பிரபு இருந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெவ்வேறு பொருள்கள் ஒரே வேகத்தில்தான் விழுகின்றனவா என்று முறுக்குத் தராசை வைத்து மிகத் துல்லியமாகச் சோதித்தார். அவர் 1919-ல் காலமானபின் 1922-ல் முடிவுகள் வெளியாயின. எல்லாப் பொருளும் ஒரே மாதிரிதான் விழுகின்றன, சுபம். 1986 ஜனவரியில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்து எஃப்ரைம் ஃபிஷ்பாக் தன் சகாக்களோடு அந்தப் பழைய பேரேட்டைத் தூசி தட்டி எடுத்தார். எட்வேஷ் 'அளவீட்டுப் பிழை' என்று விட்டுவைத்த சில்லறை வித்தியாசங்களில் ஓர் ஒழுங்கு இருப்பதாக அவருக்குப் பட்டது. ஒரு பொருளில் எத்தனை புரோட்டான், நியூட்ரான் இருக்கின்றன என்பதைப் பொறுத்து அந்தச் சில்லறை மாறியது. சில நூறு மீட்டர் தூரம் மட்டுமே எட்டுகிற ஒரு புது விசை! நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்டது.

அப்புறம் நடந்ததைத் திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். செங்குத்துப் பாறை ஓரத்தில் தொட்டி வைத்து அதில் செம்பு உருண்டையை மிதக்கவிட்டவர்கள் உண்டு. 600 மீட்டர் டிவி கோபுரத்தில் ஈர்ப்பு அளவியோடு ஏறினவர்கள் உண்டு. கிரீன்லாந்தில் பனிக்கட்டிக்குள் போட்ட துளையில் கருவியை இறக்கினவர்கள் உண்டு. முதலில் சிலருக்கு 'இருக்கிறது' என்று வந்தது. பிறகு கோபுரத்தைச் சுற்றியிருந்த நிலத்தின் மேடு பள்ளத்தைச் சரியாகக் கணக்கில் எடுத்தபோது அந்த முடிவு கரைந்தது. கிரீன்லாந்து முடிவுக்குப் பனிக்குக் கீழே இருக்கும் பாறையின் அடர்த்தியே காரணமாக இருக்கலாம் என்று ஆனது. சியாட்டில் குழு தன் தராசில் தேடியபோது ஒன்றுமில்லை. நாலைந்து வருஷத்தில் கூட்டம் கலைந்துவிட்டது.

ஃபிஷ்பாக்கைக் கேலி செய்வது சுலபம். அது நியாயமில்லை. அவர் ஏமாற்றவில்லை, எண்களை மறைக்கவும் இல்லை. 'இங்கே உதைக்கிறது, வந்து பாருங்கள்' என்றார். வந்து பார்த்தார்கள். தன் யோசனை நிற்கவில்லை என்றானபின், எந்தெந்தத் தூரத்தில், எந்தெந்த வலிமையில் புது விசை இல்லை என்கிற தகவலையெல்லாம் திரட்டி 1999-ல் சகா ஒருவரோடு ஒரு புத்தகமே எழுதினார். அப்படி எழுத எத்தனை பேருக்கு மனசு வரும்?

இப்போது கிரனோப்ல்.

பிரான்ஸின் தென்கிழக்கே, ஆல்ப்ஸ் மலைகள் சூழ்ந்த ஊர். இரண்டு ஆறுகள் கூடும் இடத்துக்கு அருகே லாவே-லாஞ்ஜவான் நிறுவனம் என்ற ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1967-ல் பிரான்ஸும் ஜெர்மனியும் சேர்ந்து ஆரம்பித்தன, 1973-ல் பிரிட்டனும் சேர்ந்துகொண்டது. அங்கே உள்ள அணு உலை மின்சாரம் தயாரிப்பதில்லை. அதன் வேலை நியூட்ரான் தயாரிப்பது மட்டும்தான்.

உலையில் பிறக்கும்போது நியூட்ரான் விநாடிக்குச் சுமார் 20,000 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? கண்ணாடியில் விட்டால் துளைத்துக்கொண்டு போய்விடும். முதலில் கன நீரில் மோதவிட்டு வேகத்தைக் குறைக்கிறார்கள். பிறகு பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 250 டிகிரியில் இருக்கும் திரவ டியூட்டீரியத்தில் குளிர வைக்கிறார்கள். அப்புறம் ஒரு குழாய் வழியாக மேலே ஏற்றுகிறார்கள். ஏறினால் மூச்சு வாங்கத்தானே செய்யும்? கடைசியில் ஒரு சுழலிக்குள் நுழையும்போது வேகம் விநாடிக்குச் சுமார் 50 மீட்டர்.

அந்தச் சுழலி ஓர் அழகான யோசனை. கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொள்வீர்கள் அல்லவா? அதே டெக்னிக். நியூட்ரான் வரும் திசையிலேயே, ஆனால் அதைவிட மெதுவாக, நிக்கல் தகடுகள் விலகிப் போய்க்கொண்டிருக்கும். அவற்றில் பட்டு எகிறும் நியூட்ரான் வேகத்தையெல்லாம் தொலைத்துவிட்டு விநாடிக்கு ஐந்தாறு மீட்டரில் தள்ளாடிக்கொண்டு வெளியே வரும். சைக்கிளில் போகிறவர் முந்திவிடலாம். இதற்குப் பெயர் மீக்குளிர் நியூட்ரான். 1960-களின் கடைசியில் சோவியத் யூனியனின் டுப்னாவிலும் ஜெர்மனியின் மியூனிக்கிலும் முதன்முதலாக இவற்றைப் பிடித்தார்கள்.

இவ்வளவு மெதுவானபின் ஒரு வேடிக்கை நடக்கிறது. கண்ணாடியில் உள்ள அணுக்கருக்களின் கூட்டு எதிர்ப்பைத் தாண்ட அதனிடம் தெம்பு இருக்காது. ரப்பர் பந்து தரையில் பட்டு எழும்புவதுபோல நியூட்ரான் கண்ணாடியில் பட்டு எழும்பும். ஜாடியில்கூட அடைத்து வைக்கலாம். (ரொம்ப நேரம் அல்ல. அணுக்கருவுக்கு வெளியே இருக்கும் நியூட்ரானின் சராசரி ஆயுள் 15 நிமிஷத்துக்கும் சற்றுக் குறைவு.)

ரப்பர் பந்தை எந்த உயரத்திலிருந்தும் போடலாம், எந்த உயரத்துக்கும் எழும்பும். நியூட்ரான் அப்படி இல்லை. குவாண்டம் விதிப்படி அது ஓர் அலையும்கூட. கீழே கண்ணாடி தடுக்கிறது, மேலே பூமியின் ஈர்ப்பு இழுத்துப் பிடிக்கிறது. நடுவில் அகப்பட்ட அலை, வீணைத் தந்தி மாதிரி, சில குறிப்பிட்ட நிலைகளில் மட்டுமே நிற்கும். முதல் படியின் உயரம் 13.7 மைக்ரான். அடுத்தது சுமார் 24. படிக்கட்டில் நிற்கலாம், இரண்டு படிக்கு நடுவே அந்தரத்தில் நிற்க முடியாதே, அப்படி.

ஈர்ப்பு விசையே இப்படிப் படிக்கட்டு கட்டும் என்று கணக்கில் எழுதியிருந்தார்களே தவிர, யாரும் பார்த்ததில்லை. வலேரி நெஸ்விஷெவ்ஸ்கியின் குழு கிரனோப்லில் அதைப் பார்த்தது. கீழே கண்ணாடி, மேலே நியூட்ரானை விழுங்கும் சொரசொரப்பான ஒரு கூரை. இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். கூரை சுமார் 15 மைக்ரானுக்குக் கீழே இருந்தவரை ஒரு நியூட்ரானும் மறுபக்கம் வரவில்லை. முதல் படி நிற்கவே அங்கே இடமில்லை. அதைத் தாண்டியதும் வர ஆரம்பித்தன. 2002 ஜனவரியில் நேச்சர் இதழில் வெளியானது.

படி இருக்கிறது, சரி. அதை வைத்து எப்படி விசையைத் தேடுவது? இதுதான் இந்தப் பதிவின் முக்கியமான இடம். படியின் உயரத்தைத் தீர்மானிப்பது விசை. ஈர்ப்பு மட்டும்தான் என்றால் உயரம் எவ்வளவு என்று பேனாவும் பேப்பரும் போதும், கணக்குப் போட்டுவிடலாம். கண்ணாடிக்கும் நியூட்ரானுக்கும் நடுவே வேறு ஏதோ ஒன்று இழுத்தாலோ தள்ளினாலோ படிகள் கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஆக, படிகளை மிகத் துல்லியமாக அளந்தால் போதும்.

அளந்தவர்கள் வியன்னாக்காரர்கள். ஹார்ட்முட் ஆபெலேயின் குழு. பிராட்டர் பூங்கா ஓரத்தில் இருக்கும் அவர்களுடைய அணு ஆய்வகத்தில் 1962 முதல் ஒரு சின்ன உலை உண்டு. உலகின் முதல் நியூட்ரான் குறுக்கீட்டுமானியை 1974-ல் ஹெல்முட் ராவுக் அங்கேதான் வெற்றிகரமாக ஓட்டினார். ஆனால் இந்த வேலைக்கு வியன்னா உலையின் நியூட்ரான்கள் பத்தாது. அதனால் கருவியைக் கட்டிக்கொண்டு கிரனோப்லுக்குப் போனார்கள். சோதனைக்கு அவர்கள் வைத்த பெயர் 'க்யூபவுன்ஸ்', குவாண்டம் துள்ளல்.

அவர்கள் செய்த வேலை இது. கண்ணாடியை மேலும் கீழுமாக மெல்ல அதிர வைப்பார்கள். அதிர்வெண் சரியாகப் பொருந்தினால் நியூட்ரான் முதல் படியிலிருந்து மேல் படிக்குத் தாவும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால்தானே உயரம் போகும்? முதல் படியிலிருந்து இரண்டாவதுக்குத் தாவ விநாடிக்குச் சுமார் 254 அதிர்வு. மூன்றாவதுக்குச் சுமார் 463. நான்காவதுக்கு 650-ஐ ஒட்டி. இந்த எண்களைப் பார்த்தவுடன் சங்கீதம் தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். எல்லாமே காதுக்குக் கேட்கிற சுருதிகள்! 254 என்பது கீபோர்டின் நடு 'சி'-க்கு ஒரு துளி கீழே. ஓர் அடிப்படைத் துகளைப் பூமி இழுக்கிற இழுப்பு ஆர்மோனியக் கட்டைக்குள் அடங்குகிறது. (வெற்றிடத்தில் நடப்பதால் ஒன்றும் கேட்காது என்பது வேறு விஷயம் :-) )

கேட்க அழகாக இருக்கிறது, செய்வது மகா அலுப்பு. மேஜை துளி சாயக்கூடாது. பக்கத்தில் யாராவது கனமான சாமானை நகர்த்தினால் அதிர்வு. அத்தனை வடிகட்டலுக்குப் பிறகு மறுமுனையில் வந்து சேரும் நியூட்ரான்கள் மிகச் சொற்பம். ஒரு புள்ளியை வரைபடத்தில் வைக்க நாள்கணக்கில் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். உலையோ ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 50 நாள்தான் ஓடும், பிறகு எரிபொருள் மாற்ற நிறுத்திவிடுவார்கள். உலகம் முழுக்க இருந்து வருகிறவர்களுக்கு நாள் பிரித்துக் கொடுப்பதால், தன் முறை வரும்போது கருவி தயாராக இல்லையென்றால் போச்சு.

படி தாவ வைக்கும் இந்த முறையை 2011-ல் நிரூபித்தார்கள். 2014-ல் அதைக்கொண்டு முதல் தேடல் முடிவு வந்தது. தேடியது 'பச்சோந்தி' என்று பெயர் வைத்த ஒரு விசையை.

2003-ல் ஜஸ்டின் கூரியும் அமண்டா வெல்ட்மனும் முன்வைத்த யோசனை அது. இருண்ட ஆற்றலுக்குக் காரணமான ஒரு புலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது விசையாகவும் வேலை செய்ய வேண்டும். பிறகு ஏன் எந்தத் தராசிலும் சிக்கவில்லை? இடத்துக்குத் தகுந்தபடி மாறிக்கொள்கிறது என்றார்கள். பொருள் அடர்த்தியாக இருக்கும் இடத்தில் அதன் எட்டும் தூரம் சுருங்கிவிடும். காலியான விண்வெளியில் விரியும். ஒரு பெரிய உலோக உருண்டையை வைத்துத் தேடினால் அதன் மேல்தோல் மட்டுமே அந்த விசையை உணரும், உள்ளே இருப்பதெல்லாம் மறைந்துவிடும். ஆக, தராசுக்காரர்கள் ஏமாந்துபோவார்கள். ஆனால் நியூட்ரானுக்குத் தோல் ஏது? அவ்வளவு சின்ன ஆசாமியிடம் பச்சோந்தி நிறம் மாற்ற முடியாது. கண்ணாடிக்கு மேலே வெற்றிடத்தில் புலம் மெல்ல மெல்லத் தலைதூக்கும்போது நியூட்ரான் அதை முழுசாக உணர்ந்தாக வேண்டும். 254-உம் 463-உம் நகர்ந்தாக வேண்டும்.

நகரவில்லை.

பச்சோந்தி, பொருளோடு கைகோர்க்கும் வலிமையைக் குறிக்க ஓர் எண் இருக்கிறது. அது 58 கோடிக்கு மேல் இருக்க முடியாது என்று வரம்பு கட்டினார்கள். 58 கோடியா, இது ஒரு வரம்பா என்று தோன்றும். ஈர்ப்பு எவ்வளவு நோஞ்சான் என்று மேலே பார்த்தோமே, அதோடு ஒப்பிட்ட எண் இது என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் அடுத்த வருஷமே பெரிய அடி விழுந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஹோல்கர் முல்லரின் குழு, ஓர் அலுமினிய உருண்டைக்குப் பக்கத்தில் சீசியம் அணுக்களை விழவிட்டு அதே பச்சோந்தியைத் தேடி, இதைவிடப் பல மடங்கு கடுமையான வரம்பை 2015-ல் வெளியிட்டது. அணு உலை வேண்டாம், ஐரோப்பா போக வேண்டாம், ஒரு லேசர் ஆய்வகம் போதும்!

வருஷக்கணக்காகக் கண்ணாடியைச் சமன்செய்து, ராத்திரி பகலாக எண்ணியவர்களுக்கு அந்தக் காலை எப்படி விடிந்திருக்கும்? அவர்கள் கடையை மூடவில்லை என்பது மட்டும் வெளியே தெரிகிறது. 2018-ல் 'சிமெட்ரான்' என்ற இன்னொரு யோசனைக்கு வரம்பு கட்டினார்கள். நியூட்ரானின் தற்சுழற்சியைப் பொறுத்து மாறக்கூடிய விசைகளையும் தேடினார்கள்.

கண்ணாடியின் மேலே தேடுவது மைக்ரான் அளவில். இன்னும் ஆயிரம், பத்தாயிரம் மடங்கு கிட்டே போகவும் நியூட்ரானே துணை. அதற்குக் கண்ணாடிக்கு மேலே போதாது, ஒரு பொருளின் உள்ளேயே போக வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில், கைதர்ஸ்பர்க் உலையின் நியூட்ரான்களைக் குறையே இல்லாத ஒரு சிலிக்கான் படிகத்துக்குள் அனுப்பினார்கள். கம்ப்யூட்டர் சில்லு செய்கிற அதே சிலிக்கான். உள்ளே போன நியூட்ரான் அலை இரண்டாகப் பிரிந்து, மிகச் சிறிய வேக வித்தியாசத்தோடு போகும். இரண்டும் மறுபடி சேரும்போது, சுருதி சேராத இரண்டு தந்திகளை மீட்டினால் வரும் அலையடிப்பு மாதிரி ஒன்று வரும். அதை அளந்தால், அணுக்களுக்கும் நியூட்ரானுக்கும் இடையே உள்ள விசை ஒவ்வொரு தூரத்திலும் எவ்வளவு என்று தெரிந்துவிடும். 2021-ல் சயன்ஸ் இதழில் முடிவு வந்தது. 0.02 நானோமீட்டர் முதல் 10 நானோமீட்டர் வரையிலான தூரத்தில், புது விசைக்கு இருந்த வரம்பு பத்து மடங்கு இறுகியது. அங்கேயும் யாரும் இல்லை.

இப்படி 'இல்லை, இல்லை' என்று எழுதுவதற்கா இத்தனை செலவு என்று வகுப்பில் பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். நியாயமான கேள்விதான். ஆனால் தணிக்கைப் பாடம் நடத்தும் ஆசிரியரைக் கேளுங்கள். 'பிழை இல்லை' என்று எந்தத் தணிக்கையாளரும் மொட்டையாகக் கையெழுத்துப் போடமாட்டார். எந்தத் தொகைக்கு மேற்பட்ட பிழையைத் தேடினேன், எந்தெந்தக் கணக்கைப் பார்த்தேன் என்று வைத்துக்கொண்டுதான் பேசுவார். நியூட்ரான்காரர்களின் 'இல்லை'யும் அப்படித்தான். இந்தத் தூரத்தில், இந்த வலிமைக்கு மேல் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். 1986-ல் அப்படி ஒரு வரைபடம் நிறைவாக இருந்திருந்தால் டிவி கோபுரத்தில் ஏற வேண்டிய அவசியமே வந்திருக்காது. இன்று யாராவது ஒருவர் கருப்பலகையில் புது விசை ஒன்றை எழுதினால், அது ஏற்கெனவே தேடி முடித்த இடத்தில் விழுகிறதா என்று அன்று மாலையே பார்த்துவிடலாம்.

பொறுமைக்கு உதாரணம் வேண்டுமென்றால் நார்மன் ராம்சே. அமெரிக்கர். நியூட்ரானுக்குள் நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் இம்மியளவு விலகி நிற்கின்றனவா என்று எட்வர்ட் பர்செலோடும் மாணவர் ஜேம்ஸ் ஸ்மித்தோடும் சேர்ந்து ஓக் ரிட்ஜ் உலையில் 1950 வாக்கில் தேட ஆரம்பித்தார். விலகியிருந்தால், நமக்குத் தெரியாத ஏதோ ஒரு வகை விசை உள்ளே வேலை செய்கிறது என்று அர்த்தம். 1957-ல் வெளியான முடிவு: பூஜ்யம். அதன்பின் பல இடங்களில், பல பேர். ராம்சேயே பல சோதனைகளில் இருந்தார். 1989-ல் நோபல் பரிசு கிடைத்தது, ஆனால் பூஜ்யத்துக்காக அல்ல. இரண்டு தனித்தனி இடங்களில் அதிர்வைக் கொடுத்து, நடுவில் துகளைச் சும்மா விட்டு அதிர்வெண்ணைத் துல்லியமாக அளக்கும் முறையைக் கண்டுபிடித்ததற்காக. 2011-ல் தன் 96-ஆவது வயதில் காலமானார். 2020-ல் சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் அதே கேள்வியை 1957-ஐவிட 20 லட்சம் மடங்குக்கும் மேலான துல்லியத்தில் கேட்டார்கள். பதில் அதே பூஜ்யம்.

வியன்னாக் குழு இப்போது கண்ணாடியிலும் ராம்சேயின் முறையைத்தான் கையாள்கிறது. ஒரே கண்ணாடியை அதிர வைப்பதற்குப் பதில், முதலில் அதிரும் கண்ணாடி ஒன்று, நடுவில் அசையாத கண்ணாடி ஒன்று, கடைசியில் மறுபடி அதிரும் கண்ணாடி. இது வேலை செய்கிறது என்று 2019-ல் காட்டிவிட்டார்கள். நடுவில் இருக்கும் அந்த அசையாத கண்ணாடியின் மேல் நியூட்ரான் யாரும் தள்ளாமல், யாரும் தொடாமல், 13.7 மைக்ரானும் 24 மைக்ரானுமாக இரண்டு படியிலும் ஒரே நேரத்தில் நின்றபடி போகும். அங்கே எவ்வளவு அதிக நேரம் நிற்கிறதோ அவ்வளவு துல்லியம். அதனால் நியூட்ரானை இன்னும் மெதுவாக்க வேண்டும், நடுக் கண்ணாடியை இன்னும் நீளமாக்க வேண்டும். நீளமாக்கினால் மூன்று கண்ணாடிகளையும் ஒரு மைக்ரான்கூடப் பிசகாமல் ஒரே மட்டத்தில் வைக்க வேண்டும்.